தம்பிக்குச் சாமி வந்த நாள்

நான்கு வருடங்களுக்கு முன், மலேசியாவில் கோலா சாவா என்ற ஊர்ப் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நடந்தது இது. அன்று நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை அறுக்கிறவன். திருவிழாவுக்கு எட்டு மாதம் முன்பு, அவனோடு ஜோடியாக வேலை பார்த்த நண்பர் ஒரு மரத்தில் குலை அறுக்கும்போது, அவருடைய நீண்ட அலுமினியக் கம்பு மேலே போன மின்கம்பியில் பட்டுவிட்டது. நண்பர் அந்த இடத்திலேயே போய்விட்டார். பத்தடி தள்ளி நின்ற தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை. இரண்டே வாரத்தில் வேலைக்குத் திரும்பினான். ஆனால் வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோரிடம் கெஞ்சி, கம்பை விட்டுவிட்டு டிராக்டர் ஓட்டப் போய்விட்டான். வீட்டில் துணி காயப்போடும் கம்பியைக்கூடத் தொடமாட்டான். "பொண்டாட்டிக்கு ஒத்தாசை பண்ணாம இருக்க நல்ல சாக்குலா உனக்கு!" என்று அக்காவான நான்தான் கிண்டல் செய்வேன். அவனும் சிரிப்பான். சிரிக்கிறானே, சரியாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

திருவிழா அன்று சாயங்காலம் ரதம் கிளம்பியது. குறுக்கே கட்டிய தோரணக் கயிறு தாழ்ந்து தொங்கியது. யாரோ ஓடிப்போய்க் குலை அறுக்கும் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து, கத்தியைக் கழற்றிவிட்டு, அதால் கயிற்றைத் தூக்கினார்கள். பக்கத்தில் மின்கம்பியே கிடையாது. ஆனால் வெயிலில் பளபளத்துக்கொண்டு அந்தக் கம்பு மேலே போனதும், என் பக்கத்தில் நின்ற தம்பி "போடு, கீழ போடு!" என்று கத்தினான். உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது.

மேளம் அடிக்கிற இடத்தில் ஒருவன் இப்படி ஆடினால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சாமி வந்துவிட்டது! மேளக்காரர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார்கள். நான் முந்திக்கொண்டு ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினேன். "தண்ணி வேணாம், தண்ணி வேணாம்" என்று அலறினான். விட்டேனா? கையில் வேப்பிலையைத் திணித்து, கும்பிட்டபடி, "தாயே, எம் மகளுக்கு எப்ப கல்யாணம் அமையும்?" என்று குறி கேட்டேன். அவன் ஈரத்தோடு தரையில் சுருண்டு, செத்துப்போன நண்பரின் பெயரைச் சொல்லி அழுதபோதுதான் மேளம் நின்றது.

அப்புறம் சிரம்பான் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா விளக்கினார். "பழச நெனச்சு அழறது வேறம்மா. இவருக்கு அது இப்ப, கண்ணு முன்னாடி, திரும்ப நடக்குது. முடிஞ்சுபோச்சுன்னு இவரு மூளைக்கு இன்னும் தெரியல."

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். தம்பி மெதுவாகச் சொன்னான்: "எனக்குக் கோயிலு தெரியலக்கா. உன் மொகம் தெரியல. அந்த மரந்தான் தெரிஞ்சுச்சு. கருகுன வாட அடிச்சுச்சு. கரண்டு ஓடுற எடத்துல நீ தண்ணிய ஊத்துற மாதிரி இருந்துச்சு. சரி, நானும் முடிஞ்சேன்னு நெனச்சேன்." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வழியில் ராசா என்ற ஊர்ப் பக்கம் காரை ஓரங்கட்டி நிறுத்தி அழுதேன்.

இப்போது சிகிச்சைக்குப் போகிறான், பரவாயில்லை. எப்போதாவது மறுபடி அப்படி வரும். அப்போது நான் அவனைத் தொடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அக்காடா. நம்ம வீட்டுலதான் இருக்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

போன வருடம் அதே கோயிலில் என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமனான அவன் மாலையும் கையுமாக வாசல்வரை வந்தான். உள்ளே மேளம் ஆரம்பித்ததும் மாலையை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அந்த எட்டு மாதத்தில் ஒருநாள்கூட "உனக்கு என்னடா பண்ணுது?" என்று நான் அவனைக் கேட்டதில்லை. அவன் துடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கேட்டதும் என் மகள் கல்யாணத்தைப் பற்றித்தான் என்பது இன்றுவரை என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது.