நுனிவரை ஏறிய பச்சைக் கோடு

என் தங்கை கணவரைப் பொய்யர் என்று ஊரைச் சொல்ல வைத்தவன் நான். பெரிய சூழ்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. கணினித் திரையில் எரிபொருளைக் காட்டும் பச்சைக் கோடு பாதியில் நின்றது. ஒரு விசையை அழுத்திப் பிடித்து அதை நுனிவரை ஏற்றினேன். அவ்வளவுதான். அந்த விரலை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எண்பதுகளின் கடைசி. நாமக்கல்லில் ஒரு லாரி முதலாளியிடம் மேனேஜராக இருந்தேன். அவர் வாங்கிய கணினியோடு, விற்றவர் ஒரு போர் விமான விளையாட்டையும் போட்டுக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை விமானப்படையில் எரிபொருள் நிரப்பும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அங்கேயே கணினியும் பழகியவர். எங்கள் அலுவலகத்துக்கு அடிக்கடி வருவார். வாய் அதிகம். நாலு பேர் முன்னால் என் ஆங்கிலத்தைத் திருத்துவார். அவரிடமே கணினியை ஒப்படைக்க முதலாளி நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

மாலையில் அந்த விளையாட்டை ஆடியபடி அவர் பாடம் நடத்துவார். டேங்க் நிரம்பினால் விமானம் கனக்கும். வளைத்துத் திருப்பும்போது வேகம் செத்துவிடும். எதிரி பின்னால் வந்து ஒட்டிக்கொள்வான். "சண்டைன்னு வந்துட்டா வெளியில தொங்கற டேங்க்கைக் கழட்டி வீசிருவாங்க" என்றார் ஒருநாள்.

"வீசிருவாங்களா? எவன் ஊட்டு டேங்க்குங்க தம்பி அது?" என்று முதலாளி கேட்டதும் அலுவலகமே சிரித்தது. டேங்க்கை நிரப்பாமல் வண்டி ஷெட்டைத் தாண்டக் கூடாது என்பது அவர் சட்டம். பத்து டன் ஏற்றும் வண்டிக்கு டீசலின் கனம் ஒரு கனமே இல்லை. லாரிக்கு அது சரி. இயற்பியல் படித்த எனக்கு மாப்பிள்ளை சொல்வதும் சரி என்று தெரியும். ஆனாலும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன்.

"நாளைக்கு நம்ம ஆளுகளெல்லாம் வரட்டும். டேங்க்கைக் கொறைச்சு ஓட்டிக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார் முதலாளி. மறுநாள் லாரிக்காரர்கள் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளை அவர்களிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "பாதி டேங்க் போட்டு வைங்க மச்சான்" என்று என்னிடம் சொன்னார். நான் முழுசாகப் போட்டேன். இருந்த குண்டுகளையெல்லாம் இறக்கையில் ஏற்றினேன்.

விமானம் சினை எருமைபோல் திரும்பியது. எதிரி விமானம் இரண்டாவது வளைவிலேயே பின்னால் வந்துவிட்டது. "டேங்க் நெறைஞ்சு கெடக்குதுங்க, அதான் திரும்ப மாட்டேங்குது" என்று அவர் சொல்லி முடிக்கும் முன் திரையில் தீ.

"டீசல் நெறைய இருந்தா வண்டி ஓடாதுங்களா? இது தெரியாமத்தான் நாம லாரி ஓட்டறமா?" என்றார் முதலாளி. சிரிப்பு அடங்கவே இல்லை.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "மச்சான், எவ்வளவு போட்டீங்க?"

"நீங்க சொன்ன மாதிரி பாதிதான்."

விசையை அழுத்தியதைவிட இந்தப் பொய்தான் பெரிய அயோக்கியத்தனம். கணினி என் மேசைக்கு வந்தது. லாரிப் பட்டறைகளில் அவருக்கு 'டேங்க்கு' என்று பேர் விழுந்தது. "டேங்க்கு வாராரு, வழி உடுங்கடா" என்பார்கள். விமானப்படையில் இருந்ததே பொய் என்றும் பேசினார்கள். அவர் எருமப்பட்டிக்குப் போய்த் தோட்டத்தோடு நின்றுகொண்டார். தங்கையும் அதன்பின் எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் வந்தாள்.

முதலாளியிடம், அவர் சாவதற்கு முன், உண்மையைச் சொன்னேன். "வெளையாட்டுத்தானுங்களே" என்றார். அந்த வார்த்தையை இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததால் அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

போன மாதம் மடிக்கணினியில் அதேபோன்ற விளையாட்டை ஏற்றிக்கொண்டு எருமப்பட்டிக்குப் போனேன். தங்கையும் கூட இருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப நீங்களே டேங்க் போட்டு ஓட்டுங்க மாப்பிள்ளை" என்றேன். இதுதான் பரிகாரம் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்வது.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பச்சைக் கோட்டை நுனிவரை ஏற்றினார். குண்டுகளையும் ஒன்று விடாமல் ஏற்றினார். மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார். "ஓட்டுங்க மச்சான்."

ஓட்டினேன். விமானம் திரும்பவில்லை. திரையில் தீ.

அவர் சிரிக்கவில்லை. தங்கையும் எழுந்து போகவில்லை. மறுபடியும் பச்சைக் கோட்டை நுனிவரை ஏற்றினார்.

"இன்னொருக்கா" என்றார்.