புழுதி தின்ற தலைவி

சர்வதேசம் என்ற சொல்லைச் சரியாக எழுத வராத காலத்திலேயே நான் ஒரு சர்வதேசச் சங்கத்துக்குத் தலைவியாக இருந்தவள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அது என்னைத் தேடவும் இல்லை.

சங்கத்தின் பெயர் சர்வதேச மோட்டார் சைக்கிள் மாதர் சங்கம். உறுப்பினர் மூன்று பேர். சிரிக்க வேண்டாம், மூன்று பேரும் மூன்று நாடு. முல்லைத்தீவில் மிஷன் ஆஸ்பத்திரித் தாதி இங்கிலாந்துக்காரி. அவரை எல்லோரும் மிசி என்போம். கன்னியாஸ்திரிமாரின் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த ரீச்சர் மலையாளத்துப் பெண். இலங்கைக்கு நான். ஆயிரம் பேர் சேர்ந்தும் ஒரே ஊராகக் கிடக்கிற சங்கங்களை நான் கண்டிருக்கிறேன்.

என் மோட்டார் சைக்கிள் பட்டாளத்தார் விட்டுப்போன பழசு. கருவாடு விற்று நானே வாங்கியது. என் மனிசன் அதை ஓட மாட்டார். பயம் என்று சொல்ல மாட்டார், "எனக்குக் கடல்தான் சரி" என்பார். ஆகவே நான் ஓட, அவர் பின்னால் கருவாட்டுப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி இருப்பார்.

"பெட்டி விழுமெண்டு பயமோ, பெண்சாதிக்குப் பயமோ?" என்று கரையில் கேட்பார்கள்.

"ரெண்டும்தான்," என்பார்.

தலைவி நான் என்று நானே சொல்லித்தான் சங்கம் தொடங்கியது. மற்ற இருவரும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கிளிநொச்சியில் விவசாயக் கண்காட்சி ஊர்வலத்தில் ஓட எங்களைக் கூப்பிட்டபோதுதான் சிக்கல் வந்தது. அரசாங்கக் காரியாதிகாரி தலைவிக்கு மாலை போடுவாராம். அங்கே போய்ச் சேருமுன் தேர்தல் வைக்க வேண்டும் என்றார் ரீச்சர். கணக்குப் படிப்பித்தவர், எல்லாம் முறைப்படி வேண்டும்.

கரையிலும் சந்தையிலும் பூசை முடிந்து கோயில் வாசலிலும் நான்தான் தலைவி என்று சொல்லி வைத்தாயிற்று. தோற்றுப்போனால் அடுத்த நாள் எந்த முகத்தோடு கருவாட்டுக்கு விலை சொல்வது?

வீட்டில் இருந்தது ஒரே ஒரு காற்சட்டை, மனிசன் கலியாணத்துக்குப் போட்டது. அன்று அதை நான் போட்டேன். அவர் சாரத்தைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டார். போகுமுன் மோட்டார் சைக்கிளைச் சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்துத் தந்தார்.

"இஞ்சேரும், கருவாடு கழுவுப்படும், மணம் கழுவுப்படாது. காத்துப் பாத்து ஓடும்."

தலைவி என்றால் முன்னுக்குப் போகவேண்டும். போனேன். மழை காணாத செம்மண் கிரவல் ரோட்டு. புதுக்குடியிருப்பில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் ரீச்சரின் வெள்ளைச் சேலை செங்கல் நிறமாக இருந்தது.

"சேச்சி, தலைவி முன்னே போனா மெம்பர் எல்லாம் மண்ணு தின்னணுமோ?" என்றார்.

மிசி தமிழைப் புத்தகத்தில் படித்தவர். "அம்மையாரே, மண்ணைப் பொறுத்துக்கொள்ளலாம். கருவாட்டின் வாசனை மிகவும் ஊக்கமாக இருக்கிறது."

இதற்கு எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. விரைவாகப் போனால் புழுதியும் மணமும் என்னோடேயே போய்விடும். முறுக்கிவிட்டேன். விசுவமடுவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, பிளேன்ரீ ஒன்று சொல்லி, அங்கே இருந்தவர்களுக்குச் சங்கத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

"சங்கம் எங்கை, அக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பின்னால வருது."

"பெரிய சங்கமோ?"

"சர்வதேசம்."

பிளேன்ரீ முடிந்தது. ரோட்டால் ஒரு மாடு வந்தது.

"இதுவும் மெம்பரோ அக்கா?"

மாட்டுக்குப் பின்னால் ஒரு வைக்கோல் வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் இறங்கி, "அங்காலை மதகடியிலை ரெண்டு பொம்பிளையள் மோட்டார் சைக்கிளோடை இருக்கினம். ஒராளின்ரை சீலை செயினுக்கை சிக்கிப்போட்டுது. வெள்ளைக்காரி கத்தரிக்கோலோடை நிக்கிறா," என்றார்.

"அக்கா, உங்கடை சங்கம் உங்களை விட்டிட்டுக் கூட்டம் வைக்குது போல," என்றார் கடைக்காரர்.

மோட்டார் சைக்கிளைத் திருப்பி ஓடினேன். கூட்டமேதான் வைத்திருந்தார்கள். சேலையில் ஒரு முழம் போய்விட்டது. வெட்டி எடுத்துவிட்டு இருவரும் மதகுக் கட்டில் இருந்து விளாம்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

"தேர்தல் கழிஞ்சு, சேச்சி," என்றார் ரீச்சர்.

"ஆர் வெண்டது?"

"நான் மிசிக்குப் போட்டு. மிசி எனக்குப் போட்டு. இனி சேச்சியோட வோட்டு."

படித்தவர்கள் அப்படித்தான், ஒருவருக்கு ஒருவர் போடுவார்கள். நான் எனக்குப் போட்டேன். ஆளுக்கு ஒன்று.

மிசி விளாங்கோதை வீசிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "நீங்கள் முன்னே சென்றீர்கள். நாங்கள் நின்றதை நீங்கள் அறியவில்லை. தலைவி கடைசியில் வர வேண்டும். அப்பொழுது எவர் விழுந்தாலும் தலைவி காண்பார். கடைசியில் வரச் சம்மதிப்பவருக்கு என் வாக்கை மாற்றிப் போடுவேன்."

ரீச்சர் தன் சேலையைக் குனிந்து பார்த்தார். "எனக்கு வேண்டா."

முன்னுக்குப் போனால் நல்ல காற்று, தலைவிப் பட்டம் இல்லை. பின்னுக்குப் போனால் பட்டம் உண்டு, கிளிநொச்சி போகும் மட்டும் இரண்டு பேரின் புழுதியும் உண்டு. கோயில் வாசல் நினைவுக்கு வந்தது.

"நான் வாறன் கடைசியா," என்றேன்.

மிசி வாக்கை மாற்றினார். ரீச்சரின் வோட்டு மிசியிடமே கிடந்தது, கிடக்கட்டும்.

விசுவமடுவில் கடைக்காரர் ரோட்டுக்கே வந்து நின்றார். "என்ன அக்கா, இப்ப சங்கம் முன்னால, தலைவி பின்னால?"

"மேய்க்கிறவள் பின்னாலதான் வாறவள்," என்று சொல்லிக்கொண்டே கடந்தேன். வாயைத் திறந்ததற்குத் தண்டனையாகத் தர்மபுரம் போகும் மட்டும் பல்லுக்குள் மண் நறநறத்தது.

கிளிநொச்சியில் காரியாதிகாரி மாலையோடு நின்றார். முன்னுக்கு வந்த மிசியின் கழுத்துக்கு மாலை போனது. மிசி தலையை ஒதுக்கி, "தலைவி பின்னால் வருகிறார்," என்றார். மாலை ரீச்சரிடம் போனது. அவரும் பின்னுக்குக் கையைக் காட்டினார். பின்னால் நின்றது கண் மட்டும் வெள்ளையான ஒரு செம்மண் உருவம். காரியாதிகாரி என்னைத் தாண்டியும் எட்டிப் பார்த்தார்.

சனத்துக்குள்ளிருந்து என் மனிசன் சாரத்தோடு வந்தார்.

"ஐயா, இதுதான் ஆள். போடுங்கோ."

"வடிவாத் தெரியுமோ?" என்று கேட்டார் காரியாதிகாரி.

"காற்சட்டை என்ரை."

மாலை விழுந்தது. நான் தும்ம, காரியாதிகாரியின் வெள்ளைச் சட்டையும் எங்கள் சங்கத்தின் நிறத்துக்கு வந்தது.

மிசி தன் நாட்டுக்குத் திரும்பும்வரை நான்தான் தலைவி. தேர்தல் வந்த ஒவ்வொரு முறையும் போட்டியே இல்லை. என் திறமை அப்படி என்று இங்கே எழுதினால், "கடைசியா ஓட வேறை ஆள் கிடைக்கேல்லை எண்டும் எழுதும்," என்கிறார் மனிசன்.

எழுதிவிட்டேன். ஆனால் காற்சட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.