அம்மா வழி மார்பு, அப்பா வழிக் கால்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பெயர் பிரேக்கக்கா. ஸ்டியரிங், கியர் எல்லாம் கற்றுக்கொள்பவர் கையில். பக்கத்து இருக்கையில் அவள் காலடியில் ஒரே ஒரு பிரேக். அடுத்தவர் செய்யப்போகும் தப்புக்காக நாள் முழுக்கக் காலைத் தயாராக வைத்திருப்பதுதான் உத்தியோகம். கத்தமாட்டாள். கார் நேராகச் சுவரைப் பார்த்துப் போகும்போதும், "சுவர் வருது, பாத்துக்குங்க" என்று ஏதோ விருந்தாளி வருவதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத்தான் மிதிப்பாள்.

நாற்பத்தாறு வயதில் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் செல்கள் ஒழுங்காக இல்லை, பிற்பாடு வாலாட்டக்கூடும் என்றார் டாக்டரம்மா. அம்மாவுக்கும் அம்மாவின் தங்கையான சித்திக்கும் அந்த நோய் வந்திருந்தது. அம்மா போய்விட்டாள். சித்தி இருக்கிறாள்.

"தினம் ஒரு மாத்திரை, அஞ்சு வருஷம். நோய் வர்ற வாய்ப்பை நல்லாவே குறைக்கும். பூராவும் தடுத்துடும்னு சொல்லமாட்டேன். ஆனா இது ரத்தம் உறையற வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். கால்ல உறைஞ்சு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. உங்க வயசுல அரிதுதான். வீட்டுல யாருக்காவது அப்படி வந்திருக்கா?"

"அத்தைக்கு வந்துச்சு. அப்பாவோட தங்கச்சி. நுரையீரல் வரைக்கும் போயிடுச்சு. எப்படியோ பொழச்சு வந்தாங்க."

டாக்டரம்மா எழுத எடுத்த பேனாவை மூடினார். "ஏன் வந்துச்சுன்னு கேட்டுட்டு வாங்க. ஆபரேஷன், மாவுக்கட்டு, நீண்ட படுக்கைன்னு ஏதாவது காரணம் இருந்துச்சா, இல்ல சும்மா இருக்கும்போதே வந்துச்சா? ரெண்டும் ஒண்ணில்ல."

விஷயம் தெரிந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியும் அத்தையும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவளைப் பார்த்தே ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள்.

"மாத்திரையைப் போடு. நான் பட்டது போதும்" என்றாள் சித்தி.

"போடாதே. மூச்சு நின்னா எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும்" என்றாள் அத்தை.

கணவர் எப்போதும் கடைசியாகப் பேசியவர் கட்சி. அன்று சாயங்காலத்துக்குள் பலமுறை கட்சி மாறினார்.

"உங்களுக்கு அது எதனால வந்துச்சு அத்தை?"

"எதனாலயா? உங்கம்மா நாக்குதான். என்னைப் பாத்துச் சொன்னாளே ஒரு வார்த்தை. மறுவாரம் கால் வீங்கிடுச்சு."

குடும்பத்தில் வெகுகாலமாகப் புழங்கிவந்த கதை இது. செத்துப்போனவள் வந்து மறுக்கப்போவதில்லை. சித்தி பையை எடுத்துக்கொண்டு விருட்டென்று கிளம்பிவிட்டாள்.

அத்தையைக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்போது பிரேக்கக்கா மறுபடி கேட்டாள். "டாக்டர்கிட்ட அம்மா நாக்குன்னு சொன்னா எழுதிக்கமாட்டாங்க. நான் இந்த மாத்திரையைப் போடலாமா வேண்டாமாங்கறது உங்க பதில்லதான் இருக்கு."

அத்தை தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றினாள்.

"மகன் இருக்கற ஊருக்குப் போயிருந்தப்ப ஸ்கூட்டர் கத்துக்கிட்டேன்."

"நீங்களா?"

"ஒரே நாள்தான். கணுக்கால் உடைஞ்சு மாவுக்கட்டு. அசையாம கிடந்தேன். கட்டைப் பிரிக்கறதுக்குள்ள இது வந்துடுச்சு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு மகன்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

"எதுல மோதினீங்க?"

"நின்னுக்கிட்டிருந்த தண்ணி லாரி."

"நின்னுக்கிட்டா இருந்துச்சு?"

"அது நின்னுச்சு. நான்தான் நிக்கல."

"இதை மறைப்பாங்களா அத்தை?"

"நீ இந்த வேலைக்குப் போனப்ப, பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங்னு நாலு பேர் முன்னாடி கேட்டவ நான். எந்த வாயால சொல்றது?"

பிரேக்கக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. செய்யாத குற்றத்தைச் சுமந்தபடியே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அதைச் சொல்லவில்லை. "சித்திக்கு போன் பண்ணி நீங்களே சொல்லிடுங்க" என்றாள். அத்தை போன் செய்தாள். பேச்சு பாதியில் அறுந்துபோனது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

அத்தைக்கு மாவுக்கட்டினால் வந்தது என்றால், அதை வைத்து அவளுக்கும் வரும் என்று பயப்படுவதற்குக் காரணம் குறைவு என்றார் டாக்டரம்மா. ரத்தப் பரிசோதனையிலும் பரம்பரைக் கோளாறு எதுவும் தெரியவில்லை. "உங்க விஷயத்துல மார்புப் பக்கம்தான் ஆபத்து பெரிசு. கால் பக்கம் சின்னது. சின்னதுன்னா இல்லவே இல்லைன்னு அர்த்தமில்ல. மாத்திரை வேண்டாம்னாலும் தப்பில்ல, அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம்."

"கால் வீங்கினா எனக்கே தெரியுமில்ல?"

"பெரும்பாலும் தெரியும். எப்பவும் சொல்லிட்டு வராது."

"என்கிட்ட கத்துக்கறவங்களும் சொல்லிட்டு மோதறதில்ல" என்று மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டாள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஓடிவர வேண்டும். ஆபரேஷன் எதுவென்றாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்தே இருக்கக் கூடாது. ஒவ்வொரு வகுப்புக்கும் நடுவே காரைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். டயரில் காற்று பார்க்கிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மாத்திரையால் உடம்பு திடீர் திடீரென்று கொதித்தது. ஏசியைக் கூட்டிவைத்தாள். பயிற்சிக்கு வந்தவர்கள் நடுங்கினார்கள். பயத்தில் நடுங்கியதாக அவரவர் வீட்டில் போய்ச் சொல்லிக்கொண்டார்கள்.

நாலைந்து மாதம் கழித்து, வகுப்பின் நடுவே வலது கெண்டைக்கால் வலித்தது. தொட்டுப் பார்த்தாள், வீக்கம். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பேக்கரிக்காரர், இரண்டாம் கியருக்கு மேல் போனதில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"மெயின் ரோடாச்சே அக்கா!"

"ஆமா. மூணாவது கியர் போடுங்க."

ஸ்கேனில் உறைவு இல்லை. தசைப் பிசகு. கொஞ்ச நாள் பிரேக் மிதிக்காதீர்கள் என்றார்கள். விடுப்பு எடுத்து வீட்டில் இருந்த அந்த நாட்களில்தான் அவளுக்குப் பயம் வந்தது. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு போட்டுக்கொள்வாள்.

இப்போது மூன்றாவது வருடம். ஸ்கேன்கள் இதுவரை சுத்தம். இது மாத்திரையின் புண்ணியமா, இல்லை மாத்திரை போடாவிட்டாலும் நோய் வராமலே இருந்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர். சரி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.