ஏலக்காய் மணத்த பிள்ளை

எழுபதுகளின் நடுவில் வண்டன்மேடு பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை பார்த்தேன். மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே, "கம்பம் போயிட்டு வாரேன்" என்று மலையிறங்கிய என் வீட்டுக்காரர் திரும்பவே இல்லை. போனவர் போகட்டும் என்று நானும் தேடவில்லை. வேலை இருந்தால்தான் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்று கிடைக்கும். வேலை போனால் பிள்ளையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் அப்படியொரு மழை! பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. குளிர் படாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். ஒழுகுகிற வீட்டில் நான் என்ன செய்வேன்? காய் உலர்த்தும் ஸ்டோரில் எந்நேரமும் அடுப்பு எரியும். ஆனால் வெளியாள் உள்ளே நுழையக் கூடாது. அங்கே தீ போடுகிறவர் சரியான சிடுமூஞ்சி, எங்களைக் கண்டாலே வள்ளென்று விழுவார். அவர்தான் ஒரு காலையில் என்னை மறித்து, "பிள்ளைய அடுப்புச் சுவர் பக்கம் போட்டுட்டுப் போ தாயி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சில நாளில் இழுப்பு தணிந்தது.

சாயங்காலம் யாராவது காய் ஒளித்திருக்கிறார்களா என்று சோதித்துத்தான் எங்களை விடுவார்கள். ஒருநாள் ஸ்டோரிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் என் அருகில் வந்ததும் மூக்கை உறிஞ்சினார். பிள்ளையின் துணியெல்லாம் உலர்ந்த ஏலக்காய் வாசம்! காட்டில் பச்சைக்காய்தானே எடுக்கிறாய், இது எங்கிருந்து வந்தது என்று பிடித்துக்கொண்டார்.

"திருடுறதுக்குப் பிள்ளைய வேற தூக்கிட்டு வர்றியா? நாளைக்கு வேலைக்கு வராதே."

உண்மையைச் சொன்னால் தீ போடுகிறவர் வேலை போகும். வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

சத்தம் கேட்டு அவரே கரிக்கையோடு வந்தார். "நான்தான் பிள்ளைய உள்ள வச்சேன். அனுப்பணும்னா என்னை அனுப்புங்க."

என்னைப் போலவே புருஷன் இல்லாத இன்னொருத்தி வரிசையிலிருந்து, "எம் பிள்ளைக்கும் சளிதான் சார், நாளைக்கு நானும் அங்கனதான் போடுவேன்" என்றாள். அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சூப்பர்வைசர் குனிந்து பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். சளி இன்னும் கரகரத்தது. "உள்ளே வேண்டாம். பின்பக்க அறையை ஒழிச்சுக் கொடு, அங்கேயும் சுவர் சூடாத்தான் இருக்கும்" என்று தீ போடுகிறவரிடம் சொல்லிவிட்டு அடுத்தவளைச் சோதிக்கப் போய்விட்டார். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் பிள்ளைகள் அங்கேதான் கிடந்தார்கள்.

பெற்ற அப்பனே கைகழுவிப் போன பிள்ளைக்காக, ஒட்டும் உறவும் இல்லாத ஒரு மனுஷர் அத்தனை பேர் முன்னால் "நான்தான்" என்று நின்றாரே, அதற்கப்புறம் ஒருநாளும் நான் என்னை நாதியற்றவள் என்று நினைத்ததில்லை.