பேச்சி வாங்கிய பிடிமண்

பேச்சிக்கு வாய் நீளம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சொன்னவர்கள் யார் என்று பார்த்தால், பண்ணை வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்கள்தான். நானும் அப்படி நின்றவன். அதனால் இதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது, அதைவிட ஆத்திரமாகவும் இருக்கிறது.

திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் ஊர். பேச்சியின் புருஷன், பானை வனையும் சோலைச்சாமி வேளார், வாயில்லாப் பூச்சி. மண் மிதிப்பது, உமியும் மணலும் சேர்த்துப் பிசைவது, சூளைக்கு முள் சுமப்பது எல்லாம் பேச்சி. அருப்புக்கோட்டை நெசவுக்காரர் வீடுகளில் கல்யாணச் சீருக்கென்று வண்ணப் பானைகள் வாங்கிப் போவார்கள். அவற்றில் கிளியும் கொடியும் எழுதுவது அவள் கைதான். பண்ணைக் காரியஸ்தர் காசிராஜனும் வருவார். பங்களா வராந்தாவில் வைக்க பூந்தொட்டி, யானை, விளக்கு என்று கண்ணில் பட்டதையெல்லாம் வண்டியில் ஏற்றச் சொல்வார். காசு கேட்டால், கண்மாய் மண் பண்ணையுடையது என்பார். மண் தானாக எழுந்து யானையாகி நின்றது என்று நினைப்பு அவருக்கு.

யுத்தம் நடந்த நாற்பத்து நாலாம் வருஷம். விதவையான அழகுத்தாயின் ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போயிருந்தான். ஏழு மாதமாகக் கடுதாசி இல்லை. அவள் தன் வீட்டு வாசலில் ஒரு பிடி மண் எடுத்து வந்து பேச்சியிடம் கொடுத்தாள். “எம் மகன் உசுரோட வந்து சேரணும்க்கா. அய்யனாருக்கு ஒரு புரவி செஞ்சு குடுங்க” என்றாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். நேர்ந்துகொண்டவர் தரும் பிடிமண்ணைச் சேர்த்துத்தான் குதிரை செய்ய வேண்டும். கண்ணை மட்டும் எழுதாமல் விட்டுவைப்பார்கள். திருவிழா அன்று வேளார் கண் எழுதிவிட்டால் குதிரை அய்யனாருடையது. அதன்பிறகு கோயிலைத் தவிர வேறு எங்கும் அது போகக் கூடாது.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது காசிராஜன் வண்டியோடு வந்தார். தூக்குவதற்கு நாங்கள் நாலு பேர் கூடப் போயிருந்தோம். மாற்றலாகிப் போகும் வெள்ளைக்காரத் துரைக்குப் பண்ணை சார்பில் பரிசு வேண்டுமாம். களத்தில் நெஞ்சு உயரம் நின்ற புரவியைப் பார்த்ததும், “இதை ஏத்துங்கடா” என்றார்.

“எசமான், அது அழகுத்தாயோட நேர்த்தி. தொரைக்கு வேற செஞ்சு தாரோம்” என்றாள் பேச்சி.

“துரை நாளைக்கு ரயில் ஏறுறாரு. அவளுக்கு வேற செஞ்சு குடு.”

இரண்டு நாளில் எங்கே செய்வது? காய்வதற்கே இருபது நாள் ஆகும். விஷயம் கேட்டு ஓடிவந்த அழகுத்தாய் அவர் காலில் விழுந்தாள். அவர் செருப்புக் காலை இழுத்துக்கொண்டார். நாங்கள் நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாங்களும் ஆண்பிள்ளைகள் என்று மீசை வைத்திருந்தோம்.

அவர் குதிரையைச் சுற்றி வந்தார். “என்ன மூஞ்சி மொழுக்குன்னு இருக்கு? கண்ணில்லாத குதிரையைத் துரைகிட்ட நீட்டச் சொல்றியா? கண்ணை எழுது” என்றார். டவுனில் வளர்ந்த மனுஷர். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றியதில்லை.

பேச்சி எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு புருஷனிடம், “எசமான் கேக்குறாகல்ல, எழுதுங்க” என்றாள்.

வேளார் புரவியின் முன்னால் வந்து நின்றார். அவள் சூடம் ஏற்றி, மைக் கிண்ணத்தை நீட்டினாள். இரண்டாவது கண்ணும் முடிந்ததும் தனியாக நின்று குலவை போட்டாள். அழுதுகொண்டிருந்த அழகுத்தாயும் எழுந்து கூடவே குலவை போட்டாள்.

“ம், தூக்குங்கடா” என்றார் காசிராஜன்.

நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டு நின்றோம். நான்தான் சொன்னேன்: “கண்ணு தெறந்தாச்சு எசமான். இனி கோயிலுக்குத்தான் தூக்குவோம்.” அவரை எதிர்த்து நான் பேசியது அந்த ஒரு தடவைதான். அந்தத் தைரியமும் பேச்சி கொடுத்தது.

புரவி கோயிலுக்குப் போனது. மறுநாளே கண்மாயில் வேளார் வீட்டுக்காரர் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று பண்ணையிலிருந்து உத்தரவு வந்தது. இரண்டு வருஷம் பேச்சி பக்கத்து ஊர்க் கண்மாயிலிருந்து இரண்டு மைல் மண் சுமந்தாள். அவளுக்குக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே போய்விட்டது. இது என்ன நியாயம் என்று ஊரில் ஒருவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வாய் நீளம் என்று மட்டும் எல்லோரும் சொன்னோம்.

நாற்பத்து ஆறில் அழகுத்தாயின் மகன் காலை விந்திக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். அதே மாதம் காசிராஜனின் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. மதுரைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தும் இறங்கவில்லை.

ஒரு நாள் காலையில் அவர் குடை இல்லாமல், செருப்பில்லாமல் பேச்சி வீட்டு முன்னால் வந்து நின்றார். மூடிய கைக்குள் மண். “எம் மகளுக்காக” என்றார்.

பிடிமண்ணோடு வந்தவரை வேளார் வீட்டில் திருப்பி அனுப்பக் கூடாது. பேச்சி முந்தானையை விரித்து அதை வாங்கிக்கொண்டாள்.

“புள்ளை நல்லாயிரும் எசமான். ஒரு பிடி மண்ணுல புரவி ஆகாதே. மிச்ச மண்ணை எந்தக் கண்மாயில வெட்ட?”

அவள் சாய்ந்த கழுத்தோடு பதிலுக்காக நின்றாள்.