குடைக்காரி நின்ற பக்கம்

பேஹோ பார்த்த படங்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் ஒன்றுக்குக்கூட அவளுக்குத் தொடக்கம் தெரியாது.

தென் தைவானில் சர்க்கரை ஆலையை நம்பிப் பிழைக்கும் ஒரு சிற்றூரின் தியேட்டர் வாசலில், சுட்ட கணவாய் மீனும் வறுத்த தர்பூசணி விதையும் விற்கிறவள் அவள். படம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கதவைத் திறந்துவிடுவது அங்கே வழக்கம். டிக்கெட் எடுக்காதவர்கள் திமுதிமுவென்று உள்ளே புகுந்து, பின்சுவர் ஓரமாக நின்று கடைசிக் காட்சிகளை மட்டும் பார்ப்பார்கள். வால் பொறுக்கிகள் என்று அவர்களுக்குப் பெயர். வாலைப் பார்த்தவன் மறுநாள் தலையைப் பார்க்கக் காசு கொடுத்து வருவான் என்பது முதலாளியின் கணக்கு. பேஹோ அந்த வலையில் விழவே இல்லை. யார் கொலை செய்தான், யார் யாரைக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்த பிறகு மீதிக்கு எதற்குக் காசு என்பாள்.

இப்படி வெறும் முடிவுகளாகவே பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு குணம் படிந்துவிட்டது. எந்த முகத்தைப் பார்த்தாலும், கடைசியில் இது என்ன செய்யப்போகிறது என்ற கண்ணோடுதான் பார்ப்பாள். காய்கறிக்காரன் வெங்காயத்தாளைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால், எதற்கு வைத்தான் என்று வீடு வரை யோசிப்பாள். கோயில் பூசாரி சிரித்தால் உண்டியலைத்தான் முதலில் பார்ப்பாள். மகன் ஆபிங் கப்பல் பட்டறை வேலைக்குக் காவ்சியுங் போனதே தன் கண்ணில் படாமல் இருக்கத்தான் என்று ஊர் கேலி பேசியது. அது முழுக்கப் பொய்யும் இல்லை.

அவள் கணவர் ஜின்தேக் ஆலையின் கரும்பு ரயில் ஓட்டுநர். சத்தமில்லாத மனிதர். சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார், சீட்டாட மாட்டார், சம்பளத்தை உறை பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பார். சந்தேகப்பட அவரிடம் ஒன்றுமே இருந்ததில்லை. அதுவே பேஹோவுக்கு அவ்வப்போது சந்தேகமாக இருந்தது.

அந்தக் குளிர்காலம், கரும்பு வெட்டு நடக்கும் பருவத்தில், பழைய கொலைப் படம் ஒன்று மறுபடியும் வந்தது. கறுப்பு வெள்ளை, தைவான் மொழி வசனம். நோட்டீஸில் வேறு பெயர் போட்டிருந்தாலும் ஊரார் அதைக் குடைக்காரி படம் என்றுதான் சொல்வார்கள். கொலைகாரி அந்தக் குடைக்காரிதான். பெயரிலேயே குட்டை உடைத்துவிட்டு அதையே வருஷா வருஷம் போய்ப் பார்க்கிற ஊர் அது.

எனவே கொலை செய்தது யார் என்பதில் அங்கே சண்டை இல்லை. இயக்குநர் நியாயமாக நடந்துகொண்டாரா என்பதில்தான் சண்டை. டிக்கெட் எடுத்துப் பார்த்தவர்கள், குடைக்காரி முதல் காட்சியிலேயே ஓரமாக நிற்கிறாள், கண் இருந்தால் தெரியும் என்றார்கள். வால் பொறுக்கிகள் விடுவதாக இல்லை. எங்கிருந்தோ ஒருத்தியைக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இவள்தான் கொலைகாரி என்றால் அது மோசடி என்றார்கள். இந்த வழக்கெல்லாம் பேஹோவின் கணவாய் அடுப்பைச் சுற்றித்தான் நடக்கும். அவள் விசிறிக்கொண்டே வால் பொறுக்கிகள் கட்சியில் நின்று, சொல்லாமல் கொள்ளாமல் யாரும் கெட்டவர்களாகிவிடுவதில்லை, அதற்கு முன்னாடியே அறிகுறி இருக்கவேண்டாமா என்று கேட்பாள்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது இந்தக் கூத்தைக் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்:

"அவங்க சொல்றது தப்பு. முதல் காட்சியில ஸ்டேஷன்ல டாக்டரும் அந்தச் சின்னப் பொண்ணும்தான் இருக்காங்க. மழை கொட்டுது. குடையோட யாருமே இல்ல."

பேஹோவின் சாப்பாட்டுக் குச்சிகள் ஊறுகாய் முள்ளங்கியில் அப்படியே நின்றன. வெட்டுப் பருவம் என்று பகலோடு சாயங்கால ஷிப்டிலும் ரயில் ஓட்டுகிற மனிதருக்கு முதல் காட்சியில் மழை பெய்தது எப்படித் தெரியும்?

"நீங்க எப்பப் பார்த்தீங்க?"

"ஆலையில பேசிக்கிட்டாங்க."

பேசிக்கொண்டதைக் கேட்டவர் 'யாருமே இல்லையாம்' என்பார். இவர் 'யாருமே இல்ல' என்கிறார். மேலும், படத்தைப் பார்த்த எல்லாரும் குடைக்காரி இருக்கிறாள் என்று சத்தியம் செய்கிறார்கள். அப்படியானால் இவர் படத்துக்குப் போயிருக்கிறார், ஆனால் திரையைப் பார்க்கவில்லை. வேறு எதையோ பார்த்திருக்கிறார்.

அன்றிலிருந்து பேஹோ அவரைத் திரையில் வருகிற ஆளைப்போலக் கவனிக்கத் தொடங்கினாள். அறிகுறிகள் வரிசை கட்டி வந்தன. முழங்காலுக்குக் கீழே புதிதாகக் கன்றிப்போன காயம். கேட்டால் தண்டவாளம் தட்டியது என்றார். சாயங்காலம் வேலைக்குப் போகிற வழியில் சந்தைத் தெருவில் எதிரே வந்தவர், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவளைக் கடந்து போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புது ரவிக்கை போட்டுக்கொண்டு நின்றாள், ஒரு வார்த்தை இல்லை. முன்பெல்லாம் அவளே அடங்கு என்கிற அளவுக்கு உற்றுப் பார்க்கிற மனிதர்.

போதாக்குறைக்குப் பக்கத்து முடிதிருத்தும் கடை அமுய் வந்து, சொல்லவா வேண்டாமா என்று நெளிந்து, சொல்லியே விட்டாள். ஜின்தேக் அண்ணன் இருட்டுகிற நேரத்தில் கால்வாய்க் கரையில் நடந்து போனாராம். கூட ஒரு பெண். அவர் கை அவளுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாம். பெண் வேறு யாருமில்லை, தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிற சுயிலியன், கணவனை இழந்தவள்.

"நான் பார்த்ததைத்தான் சொல்றேன்க்கா. தோள்ல கூட இல்ல, சட்டையைப் பிடிச்சிக்கிட்டு, சின்னப் புள்ள மாதிரி."

தோளில் கை போட்டிருந்தால்கூட பேஹோ பொறுத்திருப்பாளோ என்னவோ. சட்டையைப் பிடித்துக்கொண்டார் என்பது அவளை அறுத்தது. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் சட்டையை அவர் பிடித்ததில்லை. அடுப்புக் கரியை அள்ளும்போதும் அதுவே நினைவுக்கு வந்தது. வீட்டை விட்டு அவரை அனுப்புவதா, தான் போவதா என்பது மட்டும்தான் இனி முடிவு செய்யவேண்டும் என்று நினைத்தாள். அதற்கு முன் கையும் களவுமாகப் பிடித்தாகவேண்டும்.

மறுநாள் மாலைக் காட்சிக்கு அடுப்பை அமுயிடம் விட்டுவிட்டு டிக்கெட் ஜன்னலுக்குப் போனாள். உள்ளே சுயிலியன். பேஹோ டிக்கெட் கேட்டதும் அவள் முகம் வெளிறியது.

"அக்கா, நீங்களா? டிக்கெட்டா?"

"ஏன், நான் தலையைப் பார்க்கக்கூடாதா? இன்னொண்ணு. உள்ள ஒருத்தரைக் கூப்பிடணும். பேரை எழுதிப் போடு."

அதுவும் அந்தக் காலத்துத் தியேட்டர்களின் வழக்கம்தான். உள்ளே இருப்பவரை யாராவது தேடி வந்தால், கண்ணாடித் துண்டில் பெயரை எழுதி, திரைக்கு இடப்பக்கச் சுவரில் ஒளியாக அடிப்பார்கள். வெளியே ஆள் காத்திருக்கிறது என்று அர்த்தம். மாமியார் செத்த செய்தியும் கடன்காரன் வந்த செய்தியும் அப்படித்தான் வரும். பேஹோ கணவர் பெயரைச் சொன்னாள், சுயிலியனின் கண்ணையே பார்த்துக்கொண்டு.

சுயிலியன் தூரிகையை எடுத்தாள். பிறகு கீழே வைத்தாள்.

"எழுதினாலும் அவர் வரமாட்டாருக்கா."

இவ்வளவு நெஞ்சழுத்தமா என்று நினைத்தாள் பேஹோ. வருகிறாரா இல்லையா என்று நான் பார்த்துக்கொள்கிறேன், நீ எழுது என்றாள். சுயிலியன் எழுதினாள்.

உள்ளே போய்ப் பின்பக்கத் திரைச்சீலை ஓரமாக நின்றாள். முன்வரிசையில் ஜின்தேக் இருந்தார். இரண்டு பக்கமும் இருக்கைகள் காலி. சுயிலியனுக்காக வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

படம் தொடங்கியது. மழை, ஸ்டேஷன், டாக்டர், அந்தச் சின்னப் பெண். இடது ஓரத்தில், தூணோடு தூணாக, குடை பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். ஆள் உயரத்துக்கு, பளிச்சென்று. அடுத்து டாக்டர் வீட்டு வாசல், அங்கேயும் இடது ஓரம். குருடனுக்குக்கூடத் தெரியும், இவர் யாருமே இல்லை என்கிறாரே, எத்தனை பொய் என்று பேஹோ பல்லைக் கடித்தாள்.

அப்போது சுவரில் வெளிச்சம் விழுந்தது. ஜின்தேக், வெளியே ஆள் வந்திருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு கதவளவு. ஊரில் ஜின்தேக்கைத் தெரியாதவர் யார்? கூட்டம் மொத்தமும் சலசலத்து முன்வரிசையைப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள்.

அவர் மட்டும் அசையவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, திரையின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து ஒரு இம்மி திரும்பவில்லை. ஒளிகிறவன் குனிவான். பயந்தவன் எழுவான். அழுத்தக்காரன்கூட ஒரு தரம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் பார்க்காத மாதிரி இருப்பான். இவருக்கோ அந்தச் சுவரே இல்லை.

பேஹோவின் கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. இடது ஓரத்துக் குடைக்காரி. இடப்பக்கச் சுவர். சந்தைத் தெருவில் அவள் நின்றதும் அவருடைய இடப்பக்கம்தான். முழங்கால் காயம். பிடித்துக்கொண்ட சட்டைக் கை. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் திரும்பாமலே தாழ்ந்த குரலில் கேட்டார்:

"சுயிலியன், கதவு திறக்கப் போறாங்களா? பேஹோ வர்ற நேரமாச்சா?"

"இன்னும் நேரம் இருக்கு," என்றாள் பேஹோ.

குரல் கேட்டதும் அவர் கை நாற்காலிக் கையை இறுக்கியது. திரையில் டாக்டர் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். ஜின்தேக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். போன பருவத்திலேயே தொடங்கிவிட்டதாம். முதலில் இருட்டில் தெரியாமல் போனது, அப்புறம் ஓரங்கள் போயின, இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் கொஞ்சம். ஒரு சாயங்காலம் ரயிலிலிருந்து கரும்பு உருவ வந்த பெண் தண்டவாளத்து ஓரம் நின்றது இவருக்குத் தெரியவே இல்லை. கூட இருந்தவன் கத்தியதால் அவள் பிழைத்தாள். மறுநாள் தானே மேஸ்திரியிடம் போய்ப் பகலில் எடை மேடை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இருட்டுகிற நேரத்தில் வீட்டில் இருந்தால் ரயில் இல்லை என்பதும் தட்டித் தடுமாறுவதும் இவளுக்குத் தெரிந்துவிடும். தியேட்டரில் எல்லாருக்கும் ஒரே இருட்டு. சுயிலியனின் கணவன் உயிரோடு இருந்தபோது இவர் வண்டியில் பிரேக் பிடித்தவன். அந்தப் பழக்கத்துக்காக அவள் பக்கக் கதவு வழியாக உட்காரவைத்து, கூட்டம் வருமுன் வீட்டுத் தெருமுனை வரை கொண்டுபோய் விடுகிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஆபிங் அப்பா. நான் உங்களை என்னென்னவோ நெனச்சேன்."

"நெனச்சது தெரியும். இருக்கட்டும்னு விட்டுட்டேன். கெட்ட புருஷன்னா நீ சண்டை போடுவே. கண்ணு போன புருஷன்னா பாவம் பார்ப்பே. சண்டை எனக்குப் பழக்கம்."

பேஹோவுக்கு அவரை அங்கேயே நாலு அறை அறையவேண்டும் போலிருந்தது. அழுகையும் வந்தது. தன்மேலேயே வெறுப்பும் வந்தது. இத்தனை அறிகுறியையும் ஒன்று விடாமல் பார்த்தவள் அவள்தான். பார்த்து என்ன செய்ய?

கதவுகள் திறந்தன. வால் பொறுக்கிகள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். கிளம்பவேண்டுமோ என்று அவர் பழக்கத்தில் எழப்போனார். பேஹோ தோளை அழுத்தி உட்காரவைத்தாள். திரையில் மறுபடி அதே ஸ்டேஷன், அதே மழை. அவள் அவருடைய மோவாயைப் பிடித்து மெல்ல இடப்பக்கம் திருப்பினாள்.

"பாருங்க. தூணுக்குப் பக்கத்துல."

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இவளா? முதல்லேர்ந்து இங்கதான் நின்னாளா?"

"முதல்லேர்ந்து இங்கதான்."

பின்சுவர் ஓரத்தில் யாரோ, இவளைக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தி ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்கம்போலச் சத்தம் போட்டார்கள். பேஹோ எப்போதும் அதற்கு ஆமாம் போடுகிறவள். அன்று வாயைத் திறக்கவில்லை. குடைக்காரி நகர நகர, அவர் முகத்தையும் அவளோடு சேர்த்துக் கையால் திருப்பிக்கொண்டே இருந்தாள்.