சூடேறும் டிரைவ்வேயும் வெளியே வராத மனுசனும்

எங்கள் தெருவில் டிரைவ்வேக்கு ஹீட்டிங் போட்ட வீடு எங்களுடையது ஒன்றுதான். ஸ்ட்ரெதம் முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது என்று நினைக்கிறேன். லண்டனில் ஸ்னோ விழுவதே அருமை, அதற்குப் போய் நிலத்துக்குக் கீழே கேபிளா என்று கேட்காத ஆள் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டவர்களும் உண்டு, அடக்காமல் கேட்டவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். வீடு என்னுடையது, நிலம் என்னுடையது, விசர்ப் புத்தியும் என்னுடையது. உங்களுக்கு என்ன?

விசயம் இதுதான். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. வாசலில் இருந்து நடைபாதை வரைக்கும் டிரைவ்வே சறுக்கீஸ் மாதிரி இறங்கும். இரண்டு மாரிக்கு முதல் ஒரு காலமை, இவர் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனார். இவர் என்றால் என் மனுசன். ஸ்னோ ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸ்தான். தொட்டி போய்ச் சேர முதல் இவர் கீழே போய்ச் சேர்ந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்தது.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிசியோ செய்ய வந்த பிள்ளை, இந்த வயதுக்கு இவர் நடக்கிற நடை அபாரம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நடந்தார்தான், நான் பொய் சொல்லக்கூடாது. குசினிக்கும் ஹோலுக்கும், படி ஏறி மேலே, படி இறங்கிக் கீழே, நாள் முழுக்க நடந்தார். வாசல் கதவைத் திறந்தால் மட்டும் கால் நின்றுவிடும். கோடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் வெளியே வந்தார். குளிர் காற்று அடிக்கத் தொடங்கியதும் திரும்பவும் உள்ளே போனவர் போனவர்தான். கேட்டால் தடிமன், மூக்கடைப்பு என்பார், டீவியில் நியூஸ் என்பார், கால் உளைகிறது என்பார். பயம் என்று மட்டும் வாயால் வராது. இத்தனைக்கும் இவர் லண்டன் பஸ் ஓடின ஆள். எந்த ஸ்னோவிலும் டபுள் டெக்கரை வளைத்து எடுத்த மனுசன், சொந்த வீட்டு வாசலைக் கண்டு நடுங்கினார்.

கூடப் பஸ் ஓடின சிநேகிதன் ஒருவர் அந்த மாரியில் செத்துப்போனார். செத்த வீட்டுக்கும் இவர் போகவில்லை. அவர்கள் அனுப்பிய லிங்க்கில் ஐபாட்டில் பார்த்துக்கொண்டிருந்து அழுதார். எனக்குப் பயம் பிடித்தது அன்றைக்குத்தான். இடுப்பு சுகமாகிவிட்டது, ஆள் சுகமாகவில்லை. இப்படியே விட்டால் இந்த நாலு சுவருக்குள்ளேயே இருந்து முடிந்துபோய்விடுவார் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவில் இருக்கிற என் தங்கச்சி வீடியோ கோல் எடுத்தாள். அவளுக்கு எதையாவது வாங்கினால் எனக்குக் காட்டாமல் மனம் ஆறாது. போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்த் தன் டிரைவ்வேயைக் காட்டினாள். இரண்டு பக்கமும் இடுப்பளவு ஸ்னோ. நடுவில் தார் கறுப்பாக, ஆவி பறக்கக் கிடந்தது. கீழே ஹீட்டிங் போட்டிருக்கிறோம் என்று அவள் சொன்னது முழுக்கப் பெருமைக்குத்தான். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகும் எனக்கு அந்தக் கறுப்புத் தார்தான் கண்ணுக்குள் நின்றது.

பக்கத்து வீட்டில் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் இருக்கிறார். இஞ்சினியர், நல்ல பிள்ளை. எதைக் கேட்டாலும் "ஆமாங்க ஆன்ட்டி" என்று தொடங்கி, முடிக்கும்போது இல்லை என்று சொல்லியிருப்பார். இதற்கும் அப்படித்தான். ஆமாங்க, போடலாம், ஆனால் லண்டன் குளிருக்கு உப்புத் தூவினாலே போதுமே என்றார். தம்பி, உப்புப் போதும், இவருக்குத்தான் போதாது என்றேன். தம்பி போய் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து டிரைவ்வேயை அளந்தார்.

வேலைக்காரர்கள் வந்து பழைய கொங்கிரீட்டை உடைத்தபோது அலுமாரிக்குள் கோப்பைகள் எல்லாம் கிலுகிலுவென்று ஆடின. இவருக்கு அது திருவிழா. மேல் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மேற்பார்வை. அந்தப் பக்கம் இன்னும் ஆழம் வேணும், இந்தப் பக்கம் மட்டம் சரியில்லை என்று கட்டளை மேல் கட்டளை. அவர்கள் கேபிளை முறுக்குப் பிழிகிற மாதிரி வளைத்து வளைத்து விரித்து, மேலே தார் போட்டார்கள். உருகின தண்ணீர் நடைபாதைக்கு ஓடி அங்கே ஐஸாகாமல் இருக்க, கீழே குறுக்காகத் தண்ணீர் வடிகிற கான் ஒன்று வைத்தார்கள். தாருக்குள் ஒரு சென்சர் பதித்தார்கள். குளிரும் ஈரமும் சேர்ந்து வந்தால் அது தானாகவே ஹீட்டிங்கைப் போட்டுவிடுமாம். வேண்டுமென்றால் நாங்களும் போடலாம், அதற்கு ஹோலில் ஒரு சுவிட்ச். அந்த சுவிட்சுக்கு அன்றே இவர் பொறுப்பாளராகிவிட்டார். என்னைத் தொடவும் விடவில்லை.

முதல் உறைபனி விழுந்த காலமை, தெரு முழுக்க வெள்ளை, எங்கள் டிரைவ்வே மட்டும் கறுப்பு. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கதவை அகலத் திறந்து வைத்து, வாங்கோ என்று கூப்பிட்டேன். இவர் வந்தார். வாசற்படியில் நின்று மெல்லக் குனிந்து, கையால் தாரைத் தொட்டுப் பார்த்தார். நல்ல வேலை செய்திருக்கிறாங்கள் என்றார். நிமிர்ந்து, திரும்பி, உள்ளே போய் டீவிக்கு முன்னால் இருந்துவிட்டார். எனக்கு வந்த கொதிக்கு ஹீட்டிங் இல்லாமலே அந்தத் தெருவை உருக்கியிருப்பேன். வாயில் வந்ததெல்லாம் பேசினேன். இவர் டீவிச் சத்தத்தைக் கூட்டினார். பிறகு தபால்காரர் வந்தபோது, யன்னலுக்கு உள்ளே நின்றபடியே சென்சரைப் பற்றி ஒரு பிரசங்கம் வேறு செய்தார்.

சரி, மனுசனுக்குத்தான் உதவவில்லை, இவ்வளவு சூட்டையும் சும்மா விடுவானேன் என்று யோசித்தேன். எனக்கு வடகம் போடுகிற பழக்கம் உண்டு. ஊரிலிருந்து வந்த காய்ந்த வேப்பம்பூ டப்பாவில் கிடந்தது. ஒவ்வொரு மாரியும் ரேடியேட்டருக்கு மேலே தட்டு வைத்துக் காயவைத்து, வீடு முழுக்க மணத்து, பாதி பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குப் போகும். இந்த முறை உழுந்தை ஊறவைத்து அரைத்து, வேப்பம்பூவும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் சேர்த்துத் தட்டினேன். மழை இல்லாத வெயில் நாளாகப் பார்த்து, இவருடைய பழைய வேட்டிகள் இரண்டை டிரைவ்வேயில் விரித்துப் பரப்பிவிட்டு, சுவிட்சைப் போடச் சொன்னேன். உடனே போட்டார். வடகம் இவருக்கு உயிர்.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கோயம்புத்தூர்த் தம்பி காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். ஆமாங்க ஆன்ட்டி, நல்ல ஐடியாதான், ஆனால் இந்த சிஸ்டம் ஸ்னோ உருக்கத்தான், வடகம் காயவைக்க இல்லை என்று மரியாதையாக விளங்கப்படுத்தினார். அது கேபிளுக்குத் தெரியாது தம்பி என்றேன்.

காவல் வேலை இவருக்கு. யன்னலடியில் கதிரையைப் போட்டு, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தார். புறா வந்தால் மோதிரத்தால் கண்ணாடியில் தட்டுவார். அணில் ஒன்று தட்டலுக்கெல்லாம் மசியவில்லை. அதற்கும் இவருக்கும் ஜென்மப் பகையாகிவிட்டது. சாப்பிடும்போதும் அணில் கதைதான். கதிரையை விட்டு எழும்பி வெளியே வந்து கலைக்க வேண்டியதுதானே என்று கேட்க எனக்கு வாய் உன்னும். கேட்டால் காவலையும் விட்டுவிடுவார் என்று பேசாமல் இருந்தேன்.

இரண்டாம் முறை பரப்பின நாள், வெயில் பளிச்சென்று அடித்தது. கறிவேப்பிலையும் மரக்கறியும் வாங்க டூட்டிங் தமிழ்க் கடைக்குப் போனேன். வரும் வழியில் வெளிச்சம் மங்கியது. பஸ் கண்ணாடியில் முதலில் பொட்டுப் பொட்டாக, பிறகு பஞ்சு பஞ்சாக ஸ்னோ. பஸ் ஊர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இவர் ஞாபகமே வரவில்லை. ஐயோ என் வடகம் என்றுதான் பதறினேன். இறங்கி, மதிலைப் பிடித்துப் பிடித்து மேடு ஏறி, எங்கள் வேலிச் செடியடிக்கு வந்து நின்றேன்.

இவர் வெளியே நின்றார்.

கோட் இல்லை, தொப்பி இல்லை. காலில் வீட்டுச் செருப்பு. ஒரு வேட்டியை வடகத்தோடு சுருட்டி வாசற்படியில் வைத்துவிட்டிருந்தார். மற்ற வேட்டியைக் காற்று தூக்கிக் கானுக்கு அங்கால் நடைபாதையில் போட்டிருந்தது. அங்கே ஹீட்டிங் இல்லை, வெள்ளையாக ஸ்னோ படிந்து கிடந்தது. இவர் கறுப்புத் தார் முடிகிற இடத்துக்கு வந்து நின்றார். கவனம் என்று கத்த என் வாய் திறந்துவிட்டது. கத்தினால், தான் நிற்பது எங்கே என்று மனுசனுக்கு உறைக்கும், அதோடு உள்ளே போய்விடுவார். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இவர் ஸ்னோவுக்குள் காலை வைத்தார். பிறகு மற்றக் காலையும் வைத்தார். புது இடுப்போடு மெல்ல மெல்லக் குனிந்து, ஒவ்வொரு வடகமாக எடுத்து ஸ்னோவைத் தட்டிச் சுவெட்டருக்குள் போட்டார். நிமிர்ந்தபோது என்னைக் கண்டார்.

"வானத்தைப் பாத்திட்டெல்லோ வெளிக்கிட வேணும்? பார், எல்லாம் நனைஞ்சு நாசமாப் போச்சு."

அதோடு நிற்கவில்லை. மாரி நடுவில் வடகம் போடுகிற புத்தி யாருக்கு வரும் என்றார். கறிவேப்பிலை இல்லாவிட்டால் உயிரா போகும் என்றார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது, பிறகுதான் நான் வீட்டில் இல்லாதது நினைவு வந்தது என்றார். எனக்கு மறுமொழி இல்லாமலா? ஆனாலும் ஓம், ஓம் என்று மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். பேசட்டும், இன்னும் பேசட்டும் என்றிருந்தது.

பேச்சு மெல்லக் குறைந்தது. இவர் சுவெட்டரை மடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பப் பார்த்தார். நான் அவசரமாக நடைபாதையின் மற்றப் பக்கத்தைக் காட்டினேன்.

"அந்தா, அங்காலையும் ரெண்டு கிடக்கு."

அங்கே ஒன்றும் இல்லை. இவர் புறுபுறுத்துக்கொண்டே, ஸ்னோவில் காலடி பதிய, அதைத் தேடி நடந்து போனார்.